சங்கத்து அலமாரியிலிருந்த பைனாகுலர்கள்

குளத்தங்கரையில் ஒரு பிள்ளையிடம் பைனாகுலரைக் கொடுத்து, "அந்தச் சம்புப் புல்லுக்குப் பக்கத்தில் பார், நீலத் தாழைக்கோழி. தெரிகிறதா?" என்று கேட்டால், பெரும்பாலும் "தெரிகிறது சார்" என்றுதான் பதில் வரும். உண்மையிலேயே தெரிந்திருந்தால் அந்தப் பிள்ளை பைனாகுலரைத் திருப்பித் தராது. வரிசையில் பின்னால் நிற்கிறவன் பிடுங்கும்வரை பார்த்துக்கொண்டே இருக்கும். இரண்டு நொடியில் கழற்றிக் கொடுத்துவிட்டு மரியாதையாகத் தலையாட்டினால், ஒன்றுமே தெரியவில்லை என்று பொருள்.

திருநெல்வேலியில் ஞாயிறு காலைகளில் கூடுகிற சிறிய பறவை நோக்கர் குழு எங்களுடையது. ஊருக்குள்ளேயே இருக்கும் நயினார்குளம், கொஞ்சம் தள்ளி ராஜவல்லிபுரம் குளம், வாகனம் கிடைக்கும் வருடங்களில் கூந்தன்குளம் என்று பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போவோம். 2015-இல் தொடங்கிய பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் அவர்களையும் சேர்த்துக்கொள்கிறோம். பொங்கல் நாட்களில் குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்றோ நடந்தோ, கண்ணில் பட்ட, காதில் விழுந்த எல்லாப் பறவைகளையும் எண்ணி ஈபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்ற வேண்டும். அதே ஜனவரியில்தான் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் நடந்துவரும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் வரும். ஆக, எங்களுக்குத் தை மாதம் அறுவடைக் காலம். அதற்கு முந்தைய மழைக்காலம் ஓய்வு. அந்த ஓய்வில் இம்முறை அலமாரியைத் திறந்தோம்.

உள்ளே இருந்தவை பெரும்பாலும் தானமாக வந்தவை. வெளிநாட்டிலிருந்து திரும்பியவர் கொடுத்தது, தாத்தா காலத்துப் பெட்டியில் கிடந்தது, இணையத்தில் மலிவாக வாங்கி ஒரே வாரத்தில் வெறுத்துப்போய்க் கொடுத்தது என்று விதவிதமாக. சோவியத் தயாரிப்பு 8×30 ஒன்று, பழைய 7×50 ஒன்று, பெயரே தேய்ந்துபோன 8×40, 10×50 சில. முதல் எண் உருப்பெருக்கம், அடுத்தது முன் லென்ஸின் விட்டம், மி.மீ. கணக்கில். எல்லாம் மேல்பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தன. புதிதாக வாங்க நன்கொடை திரட்டலாம் என்று ஒரு பேச்சு எழுந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. இருப்பதைப் பார்க்கத் தெரியாத சங்கம் புதிதாக வாங்குவதையும் இப்படித்தான் வைத்திருக்கும்.

முதலில் ஒவ்வொன்றையும் வானத்துக்கு நேரே பிடித்து, கண்வில்லையிலிருந்து, அதாவது கண்ணை வைக்கும் பக்கத்து லென்ஸிலிருந்து, ஒரு முழம் தள்ளி நின்று பார்த்தோம். கண்வில்லை நடுவில் ஒளிவட்டம் ஒன்று மிதக்கும். முன் லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் அதன் அளவு கிடைக்கும்: 8×40 என்றால் 5 மி.மீ., 7×50 என்றால் 7 மி.மீ.க்குச் சற்று மேல். வட்டம் சுத்தமாக உருண்டிருந்தால், உள்ளே ஒளியைத் திருப்பிவிடும் பிரிசம் நல்ல கண்ணாடி. ஓரங்களில் சாம்பல் நிழல் விழுந்து சதுரம் போலத் தெரிந்தால் மலிவான கண்ணாடி. மலிவானது என்பதற்காக எதையும் ஒதுக்கவில்லை. பகல் வெளிச்சத்தில் நம் கண்பாவை 2, 3 மி.மீ. அளவுக்குத்தான் திறந்திருக்கும். ஓரத்து நிழல் கணக்கிலேயே வராது.

அடுத்து, பைனாகுலரைத் திருப்பிப் பிடித்து முன் லென்ஸ் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தோம். அங்கேதான் பூஞ்சை தெரிந்தது. ஓரத்திலிருந்து மையம் நோக்கிக் கிளைவிட்டுப் போகும் மெல்லிய இழைகள். சாதாரணமாகப் பார்த்தால் ஏதோ பனி மூட்டம் என்றுதான் தோன்றும். காற்றில் ஈரம் அதிகமாக இருக்கும் இடத்தில், தோல் உறைக்குள் பூட்டி வைத்தால் இது வராமல் இருக்காது. தோல் உறை பார்க்க அழகு. ஆனால் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் பூஞ்சைக்கு ஊட்டும். எல்லா உறைகளையும் அன்றே தூக்கிப்போட்டோம். ஒருவர் மட்டும் தன் தாத்தாவுடையதை வீட்டுக்கு எடுத்துப்போனார்.

எங்கள் உறுப்பினர்களில் கடிகாரக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். அவர் இல்லாமல் நான் இந்த வேலையில் இறங்கியிருக்க மாட்டேன். கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு ஒரு 8×40-ஐக் கையில் எடுத்தவர், குவியச் சக்கரத்தை முகர்ந்து பார்த்தார். "தம்பி, தலைக்குத் தேய்க்கிற எண்ணெயை யாரோ விட்டிருக்கிறார்கள்" என்றார். சக்கரம் திருகவே மறுத்ததற்கு அதுதான் காரணம். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசினாகிவிடும். தையல் மெஷின் எண்ணெய் மெல்ல ஊர்ந்துபோய் லென்ஸில் படியும். இரண்டுமே ஆகாது. சக்கரத்தைக் கழற்றி, சிகரெட் லைட்டருக்கு ஊற்றும் பெட்ரோலில் பல் துலக்கும் பிரஷை நனைத்துத் திருகு மரைகளைத் தேய்த்தோம். காய்ந்த பிறகு லித்தியம் கிரீஸை நகக்கண்ணில் எடுக்கும் அளவுக்கு வைத்தோம். கழற்றும் முன் ஒரு முக்கியமான வேலை: மரை எந்த இடத்தில் விலகி வெளியே வருகிறதோ அங்கே இரண்டு பக்கமும் ஊசியால் கோடு கிழித்துக்கொள்ள வேண்டும். இதில் ஒற்றை மரை கிடையாது. பல தொடக்கங்கள் உள்ள மரை. வேறு தொடக்கத்தில் ஏறிவிட்டால் எல்லாம் சரியாகப் பொருந்தியது போலவே இருக்கும், ஆனால் தூரத்துப் பறவை குவியத்துக்கே வராது.

முன் லென்ஸைப் பிடித்திருக்கும் வளையத்தில் எதிரெதிரே இரண்டு வெட்டுகள் இருக்கும். அதைத் திருகும் சாவி எங்களிடம் இல்லை. ஜியோமெட்ரி பாக்ஸில் வரும் டிவைடரின் இரண்டு முனைகளையும் அண்ணாச்சி அரத்தால் தட்டையாக ராவிக் கொடுத்தார், அதுவே சாவியாயிற்று. வழுக்கினால் லென்ஸில் கோடு விழும் என்பதால், வட்டமாக வெட்டிய காகிதத்தை லென்ஸின் மேல் போட்டு மறைத்துக்கொண்டோம்.

பூஞ்சையைத் துடைக்க, மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடில் சில துளி அம்மோனியா கலந்தோம். கேமரா பழுதுபார்ப்பவர்கள் நெடுங்காலமாகச் செய்கிற வழிதான். காற்றோட்டமான இடத்தில், வேண்டிய அளவு மட்டும் கலக்க வேண்டும். மிச்சத்தை மூடிய புட்டியில் வைக்கக்கூடாது, புட்டி வெடிக்கும். பிளீச்சிங் சம்பந்தப்பட்ட எதுவும் அந்த அறைக்குள்ளேயே வரக்கூடாது. முதலில் ரப்பர் ஊதுகுழலால் தூசியை ஊதி, பிறகு மெல்லிய தூரிகை, அதன் பிறகுதான் நனைத்த பஞ்சு. தூசியோடு சேர்த்துத் தேய்த்தால் மணல்தாள் போட்டது மாதிரிதான். கடைசியாக ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் ஒரு துடைப்பு. பெரும்பாலானவை தெளிந்துவிட்டன. இரண்டொன்றில் மட்டும் இழைகள் போன பிறகும் அவற்றின் தடம் நின்றுவிட்டது. பூஞ்சை விடும் அமிலம் லென்ஸின் மேல்பூச்சை அரித்துவிடுகிறது, அதைத் துடைத்து எடுக்க முடியாது. சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி நின்று பார்த்தால் அவையும் குறையில்லாமல் காட்டும். எதிர்வெயிலில் காட்சி வெளுத்துவிடும். அவற்றின் கழுத்துப்பட்டையில் மஞ்சள் நூல் கட்டி அடையாளம் வைத்தோம்.

பிரிசங்களைக் கழற்றுவதைப் பற்றி ஒரு வார்த்தை: அவசியம் இல்லையென்றால் கழற்றாதீர்கள். ஒரு குழலுக்கு இரண்டு பிரிசம். ஒவ்வொன்றும் தன் இடத்தில், தன் கோணத்தில்தான் உட்காரும். நாங்கள் கழற்றிய ஒரு சிலவற்றில், மங்கலான ஓரப் பட்டையில் பென்சிலால் அம்புக்குறியும் எண்ணும் போட்ட பிறகே கிளிப்பை நெம்பினோம். தூக்கும்போது விரல் அந்த மங்கல் ஓரத்தில் மட்டுமே பட வேண்டும். ஒளி உள்ளுக்குள்ளேயே முழுவதுமாகத் திரும்புவதால்தான் பிரிசம் வேலை செய்கிறது. திருப்பும் முகத்தில் எண்ணெய் விரல் பதிந்தால் அந்த இடத்தில் ஒளி கசியும், காட்சி மங்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் பாதிப் பைனாகுலர்களில் "தெரிகிறது சார்" நோய் தீரவில்லை. அவற்றின் நோய் வேறு: இரண்டு குழல்களும் வெவ்வேறு இடங்களைப் பார்த்தன. கீழே விழுந்திருக்கும், பஸ் மேற்கூரையில் உருண்டிருக்கும். பெரியவர்கள் கண்ணில் வைத்தால் மூளை இரண்டு காட்சிகளையும் இழுத்து ஒட்டவைத்துவிடும். ஐந்து நிமிடத்தில் தலை வலிக்கும்போது வெயிலைக் குறை சொல்வார்கள். பிள்ளைகளோ இரண்டு இரண்டாகத் தெரிகிறது என்று சொல்ல வெட்கப்பட்டுத் தலையாட்டிவிடுகிறார்கள்.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. மொட்டை மாடியில், தூரத்து மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பை நோக்கிப் பைனாகுலரை முக்காலியில் கட்டினோம். கண்ணை ஒட்டி வைக்காமல் ஒரு சாண் பின்வாங்கிப் பார்த்தால் இரண்டு கண்வில்லைகளிலும் இரண்டு சிறு வட்டங்களாகக் காட்சி தெரியும். தொட்டியின் விளிம்பு ஒரு வட்டத்திலிருந்து மற்றதுக்கு ஒரே கோடாக ஓட வேண்டும். எங்கள் 10×50-இல் அது படிக்கட்டு மாதிரி இறங்கியது. இருட்டிய பிறகு இன்னொரு சோதனை: தூரத்து விளக்கு ஒன்றைப் பார்த்து, ஒரு கண்வில்லையை மட்டும் குவியம் கலைத்துவிட வேண்டும். ஒரு கண்ணுக்கு விளக்கு புள்ளியாகவும், மறு கண்ணுக்குப் பெரிய மங்கல் தட்டாகவும் தெரியும். புள்ளி தட்டின் நடுவே உட்கார்ந்தால் சரி. மங்கலை மூளையால் இழுத்து ஒட்ட முடியாது என்பதால் இந்தச் சோதனையில் ஏமாற்று வேலை நடக்காது.

பக்கவாட்டில் கொஞ்சம் விலகியிருந்தால் மன்னிக்கலாம். கண்கள் இரண்டும் உள்பக்கமாகத் திரும்புவது புத்தகம் படிக்கும்போது தினமும் செய்கிற வேலைதான். ஒரு கண் மேலேயும் மறு கண் கீழேயும் பார்ப்பது அவற்றுக்குப் பழக்கமே இல்லாத வேலை. ஆகவே மேல்கீழ் விலகலைத்தான் முதலில் பிடித்தோம்.

மலிவான வகைகளில் குழலின் பிரிசப் பகுதி மேல் ஒட்டியிருக்கும் ரப்பர் தோலை ஓரத்தில் மெல்ல உரித்தால், பொட்டளவு திருகுகள் தெரியும். அவை பிரிசத்தின் விளிம்பைத் தள்ளிச் சாய்க்கும். முழுச் சுற்று என்பது இங்கே கொலைக்குச் சமம். அரைக்கால் சுற்று திருப்பிவிட்டுத் தொட்டி விளிம்பைப் பார்க்க வேண்டும், மறுபடி அரைக்கால் சுற்று. அண்ணாச்சி திருக, நான் பின்னால் நின்று "இன்னும் கொஞ்சம், ஐயோ கூடிவிட்டது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சரியானதும் திருகின் தலையில் நகப்பூச்சு ஒரு சொட்டு. இனி அது தானாக நகராது. ரப்பர் தோலைச் செருப்புத் தைப்பவரிடம் வாங்கிய பசையால் ஒட்டினோம்.

சோவியத் 8×30-இல் அந்தத் திருகுகள் கிடையாது. அதில் முன் லென்ஸே மையம் விலகிய இரட்டை வளையங்களுக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு வளையத்தையும் தனித்தனியே சுழற்றினால் லென்ஸ் மயிரிழை மயிரிழையாக நகரும்; எந்தத் திசையிலும் கொண்டுபோய் நிறுத்தலாம். செய்தவர்களின் புத்திசாலித்தனத்தை அண்ணாச்சி அன்று முழுதும் பேசித் தீரவில்லை. கண்ணாடியில் லேசான மஞ்சள் சாயல் உண்டு, வெண்கொக்கு கொஞ்சம் வெண்ணெய் நிறமாகத் தெரியும், பரவாயில்லை.

இந்த வேலையில் பலரும் கவனிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். பெரியவர்களுக்கு இரண்டு கண்பாவைகளுக்கும் இடையே சராசரியாக 63 மி.மீ.; சிறு பிள்ளைகளுக்கு 55-க்கும் கீழே இருக்கலாம். நம் கண்ணுக்கு விரித்து வைத்து நேராக்கிய பைனாகுலரைப் பிள்ளை தன் கண்ணுக்கு மடக்கும்போது, குழல்கள் கீல் அச்சைச் சுற்றிச் சுழல்கின்றன. குழல்கள் அந்த அச்சுக்கே இணையாக இல்லாமல், ஒன்றுக்கொன்று மட்டும் இணையாக இருந்தால், மடக்கியதும் காட்சி மறுபடி இரண்டாகிவிடும். எல்லா அகலத்துக்கும் பொருந்தும்படி நேராக்கத் தனிக் கருவி வேண்டும், எங்களிடம் இல்லை. எனவே பிள்ளைகளுக்கென்று ஒதுக்கியவற்றை முழுவதும் மடக்கிய நிலையிலேயே நேராக்கினோம். நான் எடுத்துப் பார்த்தால் லேசாக இரட்டையாகத் தெரிகிறது. எனக்குத்தான் சொந்தப் பைனாகுலர் இருக்கிறதே.

7×50-இன் கதை வேறு. கிட்டத்தட்ட ஒரு கிலோ கனம், முழுக்க மடக்கினாலும் பிள்ளையின் கண்ணுக்கு அகலம், போதாக்குறைக்கு ஒரு குழலில் பிரிசம் மூலை உடைந்திருந்தது. நல்லவேளையாக அது ஒவ்வொரு கண்வில்லையையும் தனித்தனியே திருகிக் குவிக்கும் வகை. கீல் ஊசியைத் தட்டிக் கழற்றி, நல்ல குழலை மட்டும் எடுத்துக்கொண்டோம். இப்போது அது ஒற்றைக்கண் தொலைநோக்கி. கண் இடைவெளிப் பிரச்சினை, நேராக்கும் பிரச்சினை எதுவும் இல்லை. வரிசையில் நிற்கும் பிள்ளைகள் இன்று முதலில் கேட்பது அதைத்தான். கடற்கொள்ளைக்காரன் மாதிரி இருக்கிறதாம்.

சில்லறை வேலைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வெடித்துப்போன கண்ரப்பர்களுக்குப் பதில் பழைய டியூப்பை வெட்டி மாட்டினோம். மாவட்டத்தில் பஞ்சர் கடைக்கா பஞ்சம்? கழுத்துப்பட்டைகளைத் தையற்கடையில் கித்தான் துணியில் தைத்தோம். வலது கண்வில்லை வளையத்தின் பூச்சியக் குறியை வெள்ளைப் பெயின்டால் தடித்த கோடாக்கினோம். யார் திருகிக் கலைத்தாலும் ஒரு நொடியில் திருப்பிவிடலாம்.

தோல் உறைகளுக்குப் பதிலாக, மூடி இறுக்கமான பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒன்று. உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்களும், கடிகார வடிவ ஈரமானியும். ஆரஞ்சு நிறக் குருணை ஈரம் குடித்துப் பச்சையானால், சமையலுக்குப் புழங்காத பழைய வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்தால் நிறம் திரும்பிவிடும். நீல நிறக் குருணை வாங்க வேண்டாம். அதில் இருக்கும் கோபால்ட் உப்பு நல்லதல்ல. டப்பாவின் மேல் ஒரு குறிப்பேடு கட்டியிருக்கிறோம். எடுத்துப் போகிறவர் கையெழுத்துப் போட வேண்டும், திரும்பி வரும்போது "விழுந்ததா?" என்ற கட்டத்தில் உண்மையை எழுத வேண்டும். விழுந்தது என்று எழுதுகிறவருக்குத் திட்டு கிடையாது என்று முதல் பக்கத்திலேயே எழுதிவைத்தோம். இல்லையென்றால் யார் எழுதுவார்கள்?

பொங்கலுக்கு முந்தைய சனிக்கிழமை பள்ளி வராந்தாவில் பயிற்சி. முதலில் பைனாகுலரே இல்லை. தரையில் விரித்த செய்தித்தாளில் தட்டைப்பயறைக் கைப்பிடியளவு தூவி, சில நொடி காட்டிவிட்டு மூடி, எத்தனை என்று கேட்டோம். விடைகள் முப்பதிலிருந்து ஐந்நூறு வரை வந்தன. பிறகு பத்தை மட்டும் எண்ணி, அந்தப் பத்து அடைக்கும் இடத்தை மனத்தில் பிடித்துக்கொண்டு, அதே அளவு இடம் எத்தனை முறை வருகிறது என்று பார்க்கச் சொல்லிக்கொடுத்தோம். நாமக்கோழிக் கூட்டத்தை எண்ணுவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. அதன் பிறகே கருவி: பறவையை வெறுங்கண்ணால் பிடி, கண்ணை எடுக்காதே, பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டு வா. வலது கண்ணை மூடி நடுச் சக்கரத்தால் இடதைத் தெளிவாக்கு. இடதை மூடி வளையத்தால் வலதைத் தெளிவாக்கு. சூரியனை மட்டும் எக்காரணம் கொண்டும் பார்க்காதே.

கணக்கெடுப்பன்று ராஜவல்லிபுரம் குளத்துக் கரையில் காலை வெயில் முதுகில் விழும்படி நின்றோம். மறுகால் பக்கம் தண்ணீர் தேங்கிய பகுதியில் சங்குவளை நாரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி 8×30-ஐக் கண்ணிலிருந்து எடுக்காமலேயே கேட்டாள்: "சார், அது வாயைத் திறந்துகொண்டே தண்ணீருக்குள் வைத்திருக்கிறது. ஏன் மூடவில்லை?" அவள் பார்த்தது சரி. அந்த நாரை கலங்கிய தண்ணீரில் மீனைக் கண்ணால் தேடுவதில்லை. பாதி திறந்த அலகை நீருக்குள் விட்டு இருபுறமும் அசைத்தபடி நடக்கும். காலால் சேற்றைக் கிளறி, சில சமயம் ஒரு சிறகை விரித்து மீனை விரட்டும். அலகில் ஏதாவது பட்டதும் சட்டென்று மூடும். இதை நான் சொல்லி முடிக்கும் முன்பே "மூடிவிட்டது, மூடிவிட்டது!" என்று கத்தினாள். பின்னால் நின்றவன் பைனாகுலருக்காக அவள் சடையைப் பிடித்து இழுத்தான். டீச்சர் இருவரையும் அதட்டினார். பட்டியலில் நாரையின் எண்ணிக்கையை அவளே எழுதினாள், பயறு எண்ணிய முறையில்.

இன்னும் முடியாத வேலைகள் உண்டு. நேர்க்குழல் வகைப் பைனாகுலர் ஒன்று உள்ளே பனி மூடிக் கிடக்கிறது. அது நைட்ரஜன் நிரப்பி அடைத்தது; திறந்தால் மூட நம்மால் ஆகாது என்று அண்ணாச்சி கையை விரித்துவிட்டார். அதை வெளியூருக்கு அனுப்பப் பணம் சேர்க்கிறோம். ஒற்றைக்கண் குழலை முக்காலியில் பொருத்தக் கால் அங்குலத் திருகுமரை போட்ட தகடு ஒன்றை லேத் பட்டறையில் சொல்லியிருக்கிறோம். மாசிக்குள் கிடைத்துவிட்டால் கூந்தன்குளத்துக்கு ஒரு வேன் பிடிக்கலாம். 1994-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஊர்; பறவைகளுக்காகத் தீபாவளி வெடியையே விட்டுக்கொடுக்கும் மக்கள் வாழும் ஊர். வீட்டு முற்றத்து மரத்திலேயே நாரைக் கூடுகள் இருக்கும், அதற்குத் தொலைநோக்கி தேவையில்லை. ஆனால் தண்ணீரின் அக்கரையில் வரித்தலை வாத்துகள் நிற்கும். அவை வடக்கே கிளம்புவதற்குள் தகடு வர வேண்டும். பட்டறைக்காரர் இரண்டு முறை "நாளைக்கு" என்று சொல்லிவிட்டார்.